பெஸ்த்னாவில் வாசித்தவன்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
21 ஜனவரி 2024

அன்புள்ள சிசிலி அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? கோயிலில் முழந்தாளிடும்போது கீழே துணி மடித்துப் போடுகிறீர்களா, இல்லை இன்னும் வெறும் நிலம்தானா? மடத்துக்குள் போன உங்களுக்குப் போன் எடுக்க முடியாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்பது முன்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதும்போதுதான் மாதம் முழுக்க நடந்தது எனக்கே விளங்குகிறது.

வந்து நாலு மாதமாகிவிட்டது. கிறிஸ்தோப்பர் அண்ணையின் வீட்டில் பதினொரு பேர் இருக்கிறோம். மேலே பெண்கள் ஆறு பேர், பேஸ்மென்றில் ஆண்கள் ஐந்து பேர். விடிய ஐந்து மணிக்கு எங்களை ஏற்ற அவருடைய வான் வரும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய மீன் தொழிற்சாலைக்கு ஒரு மணித்தியால ஓட்டம். கொன்ரெயினரில் வரும் மீனை வெட்டி, பெட்டியில் அடைத்து, குளிரறைக்குள் அடுக்குகிறோம். உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்த ரீச்சர் மீனுக்குத் தோல் உரிக்கிறாள் என்று சிரிக்க வேண்டாம். ஒரு நிமிஷத்தில் ஆறு மீன் உரிப்பேன்.

என் வேலை அனுமதி அவருடைய கொம்பனிக்கு மட்டும்தான். வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது. எங்கள் பாஸ்போட்டுகளைத் தன்னிடம் இருந்தால் பத்திரம் என்று வாங்கி வைத்திருக்கிறார். என்னை அவரிடம் சேர்த்துவிட்டது உங்கள் மடத்து மதர்தான் என்பதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தை முதலில் வாசிப்பதும் மதர்தான் என்று தெரியும். மதருக்கு என் வணக்கம்.

தங்கை
சஜிதா


மடம், யாழ்ப்பாணம்
18 பெப்ரவரி 2024

அன்புள்ள சஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. துணி போடுவதில்லை. நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா? சின்ன வயதில் உனக்குக் காதில்தான் முதலில் வருத்தம் வரும்.

கிறிஸ்தோப்பர் எங்களுக்குக் கிணற்றுக்கு மோட்டர் போட்டுத் தந்தவர். இப்போது வாசலுக்குப் பக்கத்தில் பெரிய மண்டபம் ஒன்றும் கட்டித் தருகிறார். ஒவ்வொரு நாளும் அவருக்காக மன்றாடுகிறோம். பாஸ்போட் விஷயம் எனக்குச் சரியாக விளங்கவில்லை. நான் வாசலைத் தாண்டிப் பதினெட்டு வருஷம். என்னிடம் பாஸ்போட்டும் இல்லை. ஆனால் உன்னுடையது உன்னிடம் இருப்பதுதானே முறை? பணிவாகக் கேட்டுப் பார். கோபக்காரி நீ, வாயைத் திறப்பதற்கு முன் பத்து எண்ணு.

தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த நாற்பது நாள் நோன்புக்கு எதை விடப்போகிறாய்?

உன் சுகத்தை விசாரிக்கும்
அக்கா சிசிலி


பியர்பொன்ட்ஸ்
17 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

காது சுகம். தொப்பி போடுகிறேன். உங்கள் முழங்காலுக்குக் கீழே ஒரு துணி போடச் சொல்லி மதரிடம் நானே கேட்கிறேன். மதர், தயவுசெய்து.

நீங்கள் சொன்னபடி பத்து எண்ணிவிட்டுத்தான் கேட்டேன். “அண்ணை, என்ர பாஸ்போட்டைத் தருவீங்களோ?” “ஏன் பிள்ளை, ஓடப்போறியோ?” என்று சிரித்தார். வானில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தவக்காலம் என்றதும் நான் படிப்பித்த ஒரு பாடம் ஞாபகம் வந்தது. 1861ஆம் ஆண்டு, ரஷ்யா. அங்கே இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடியானவர்கள் பிரபுக்களின் சொத்தாக இருந்தார்கள். நிலத்தோடு சேர்த்து அவர்களையும் விற்கலாம். சக்கரவர்த்தி அவர்களுக்கு விடுதலை கொடுத்துப் பெப்ரவரியில் கையெழுத்துப் போட்டார். ஆனால் இரண்டு கிழமை அதை வெளியே விடவில்லை. ஏன் தெரியுமா? தவக்காலம் தொடங்கட்டும், சனம் குடிக்காமல் அடக்கமாக இருக்கும் என்று. பிறகு கோயில்களில் வாசித்தார்கள். சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு சுற்றி வளைத்த எழுத்து. விளங்கினவர்களுக்கு இன்னும் மோசம்: நீங்கள் விடுதலையானவர்கள், ஆனால் இரண்டு வருஷம் முன்போலவே இருங்கள், அதற்குப் பிறகும் பிரபுவுக்குத் தற்காலிகக் கடமை உள்ளவர்கள். அப்படியே அவர்களுக்குப் பெயரும் வைத்தார்கள். என் அனுமதிப் பத்திரத்திலும் ‘தற்காலிக’ என்றுதான் போட்டிருக்கிறது.

பெஸ்த்னா என்று ஒரு ஊர். அங்கே அன்ரன் பெத்ரோவ் என்ற குடியானவனுக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். அந்தச் சட்டப் புத்தகத்தை வைத்து நாட்கணக்காக வாசித்தான். ஓரிடத்தில் பிறகு இலக்கம் நிரப்புவதற்காக வெறும் பூச்சியங்கள் போட்டு விட்டிருந்தார்கள். அதுதான் உண்மையான விடுதலையின் அடையாளம், பிரபுக்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அவன் சொன்னான். ஆயிரக்கணக்கில் சனம் அவன் குடிசையைச் சுற்றி வந்தது.

நானும் ஒன்று வாசித்தேன். இங்கே நூலகத்தில் ஞாயிறு தோறும் பிரெஞ்சு படிக்கப் போகிறேன். வசுமதி என்று சென்னையில் இருந்து வந்து முப்பது வருஷம் இங்கே பேராசிரியராக இருந்தவர் இலவசமாகப் படிப்பிக்கிறார். அங்கே மேசையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. முதலாளி தொழிலாளியின் பாஸ்போட்டை வைத்திருக்கக் கூடாது, சட்டம் என்று அதில் இருக்கிறது. மூன்று தரம் வாசித்தேன். பிறகு வானில் மற்றவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்புடன்
சஜிதா


மடம்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள சஜிக்கு,

பாஸ்காத் திருநாள் நல்லபடி முடிந்தது. மதர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு பழைய தலையணையைத் தந்தா. ஆகவே முழங்கால் சுகம், உனக்குத்தான் நன்றி.

அந்த மனிதனின் கதையை நீ பாதியில் விட்டுவிட்டாய். வேண்டுமென்றே விட்டாய் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஒருவரும் கதைக்காத எங்கள் மடத்தில், மதர் என் பக்கத்தில் வந்து, “பிறகு அவனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. எழுது.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவன் பிழையாகத்தானே வாசித்தான்? பிழையாக வாசித்த ஒருவனுக்குப் பின்னால் அத்தனை பேர் போனது சரியா? நீ வானில் வாசித்தது சரிதானா என்று யாரிடமாவது கேட்டுப் பார்த்தாயா? கிறிஸ்தோப்பருக்குத் தெரிந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. கவனம்.

நலம் நாடும்
அக்கா சிசிலி


பியர்பொன்ட்ஸ்
26 மே 2024

அன்பான அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் மதரும் சுகமோ? எனக்குக் கை கொஞ்சம் களைப்பு. அதால டனிஸ்ரன் அண்ணையைக் கொண்டு எழுதுவிக்கிறன். அவர் எங்களோட வேலை செய்யிறவர், பாஷையூர் ஆள். ரெண்டு பிள்ளையளின்ர தகப்பன்.

மதர் கேட்டதுக்குச் சொல்லுறன். ஆமி வந்தது. “அன்ரனைத் தாங்கோ” எண்டு கேட்டாங்கள். “தரமாட்டம்” எண்டு சனம் நிண்டது. ஒருத்தற்ற கையிலயும் ஆயுதம் இல்லை. சுட்டாங்கள். திருப்பித் திருப்பிச் சுட்டாங்கள். ஐம்பத்தொரு பேர் செத்தது எண்டு அரசாங்கம் சொன்னது. கூட எண்டு பேந்து எழுதினவை சொல்லுகினம். அன்ரன் அந்தச் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வெளியில வந்தவன். ஒரு கிழமையில அவனையும் சுட்டாங்கள்.

கசான் எண்ட பட்டினத்தில மாணவர் சேர்ந்து செத்த சனத்துக்கு இரங்கல் பூசை வைச்சவை. அந்தப் பூசையில நிண்ட ரெண்டு துறவியளை வடக்கில ஒரு தீவு மடத்துக்கு அனுப்பிப்போட்டாங்கள்.

அவன் பிழையாத்தான் வாசிச்சவன் அக்கா. நான் அந்தத் துண்டுப் பிரசுரத்தை வசுமதி மிஸ்ஸிட்டைக் காட்டிக் கேட்டனான். நான் வாசிச்சது சரி.

தங்கச்சி சஜிதா

அக்கா, இது டனிஸ்ரன். சொன்னதை மட்டும் எழுதச் சொன்னவ. சொல்லாததை எழுத வேண்டாம் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டா. குறை நினைக்காதேங்கோ.


மடம்
22 ஜூன் 2024

சஜி,

நான் சுகம், மதர் சுகம், எல்லாரும் சுகம். அதை விடு.

கையில் என்ன? நீ காய்ச்சலில் கிடந்து பரீட்சை எழுதினவள். கை களைத்தது என்று சொல்லி எழுத்தை இன்னொருவரிடம் கொடுக்கிற ஆள் நீ இல்லை. சொல்லாதது என்ன? ஒளிக்காமல் எழுது. மதர் வாசிப்பா என்று பார்க்காதே.

அக்கா


நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது இடது கை. மேலே உள்ள விலாசத்தையும் பாருங்கள், வீடு மாறிவிட்டேன்.

மே மாதம் ஒன்பதாம் திகதி மீன் வெட்டும் மெசின் இடையில் இறுகி நின்றது. நிறுத்திவிட்டுத்தான் துப்புரவாக்க வேண்டும். நிறுத்தினால் நேரம் போகும் என்று நிறுத்த விடுவதில்லை. நான் கையை விட்டேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதியோடு போய்விட்டன.

கிறிஸ்தோப்பர் அண்ணையே காரில் ஏற்றிக்கொண்டு போனார். போகும் வழியில், “வீட்டில நடந்தது எண்டு சொல்லு பிள்ளை, இல்லாட்டில் எல்லாற்ற அனுமதியும் போயிடும்” என்றார். வைத்தியர் கேட்டபோது, வீட்டுக் கதவில் நசிந்தது என்று அவரே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. விரல் போனதைவிட எனக்கு அதுதான் வெட்கம், அக்கா. அதனால்தான் உங்களுக்கும் எழுதவில்லை.

ஜூன் பத்தாம் திகதி விடிய வான் வந்தது. கை கட்டோடு நானும் மற்றவர்களோடு இறங்கி வந்து றோட்டில் நின்றேன். பதினொரு பேரில் ஒருவரும் ஏறவில்லை. முதல் நாளே கதைத்து வைத்திருந்தோம். பயத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் நடுங்கியது, அவளை நடுவில் விட்டு நின்றோம். சாரதி போன் எடுக்க, ஒரு மணித்தியாலத்தில் கிறிஸ்தோப்பர் அண்ணை வந்தார்.

“என்ன இது?”

“பாஸ்போட்டைத் தாங்கோ, ஏறுறம்” என்றார் டனிஸ்ரன் அண்ணை.

“ஆர் இதைச் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் வாசிச்சனான்” என்றேன். பையில் இருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்து, இருக்கிற கையால் நீட்டினேன்.

“உங்களை நாளைக்கே பிளேனில ஏத்துவன்.”

“ஏத்துறதுக்கும் பாஸ்போட் வேணுமே அண்ணை” என்றாள் கால் நடுங்கின அந்தப் பிள்ளை.

அவர் போய்விட்டார். நாங்கள் அசையவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்து என்ன விஷயம் என்று கேட்டு, போலீஸுக்கு அடிக்கவா என்றார். சாரதி சொல்லி அது கிறிஸ்தோப்பர் அண்ணையின் காதில் போனதோ என்னவோ, மத்தியானத்துக்கு முன் ஒரு பையோடு திரும்பி வந்து பதினொன்றையும் வான் இருக்கையில் எறிந்தார். ஒவ்வொருவரும் தங்கள் படத்தைத் தேடி எடுத்தோம்.

மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள். “உனக்கு இனி வேலையும் இல்லை, வீடும் இல்லை” என்று என்னிடம் சொன்னார். வசுமதி மிஸ்ஸிடம் வந்தேன். “உள்ள வாம்மா, மொதல்ல சாப்பிடு” என்றா. தொழிலாளர் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். என்னைப் போலப் பாதிக்கப்பட்டவர்கள் எங்கேயும் வேலை செய்யலாம் என்று வேறொரு அனுமதி இருக்கிறது. அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் அழ வேண்டாம். நான் இப்போது அழுவதில்லை.

சஜிதா


மடம், யாழ்ப்பாணம்
11 ஓகஸ்ட் 2024

அன்புத் தங்கை சஜிதாவுக்கு,

இறைவனின் அருளால் இங்கே யாவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறோம். உனக்கு நேர்ந்த விபத்தையிட்டு மனம் வருந்துகிறோம். திரு. கிறிஸ்தோப்பர் அவர்கள் மடத்தோடு தொலைபேசியில் பேசினார்கள். அவர்கள் உன்னை மன்னிக்கத் தயாராக உள்ளார்கள். நீ கொடுத்த முறைப்பாட்டை மீளப் பெற்று, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, சமாதானமாக வாழ்வதே உனக்கும் நம் மடத்துக்கும் நன்மை தரும். தாழ்ச்சியே பெரிய புண்ணியம்.

செபத்தில் உன்னை நினைக்கும்
சகோதரி சிசிலி


நோத்ர-டாம்-த-கிரேஸ்
8 செப்டெம்பர் 2024

சகோதரி சிசிலிக்கு,

நான் சுகம். இப்படி ஒரு கடிதத்தை என் அக்கா எழுதமாட்டா. முறைப்பாட்டை மீளப் பெறமாட்டேன். அக்காவைக் கண்டால் நான் தேடினதாகச் சொல்லவும்.

சஜிதா


மடம்
27 ஒக்டோபர் 2024

என் சஜிக்கு,

நான் சுகமில்லை என்று எழுதினால்தான் உண்மை. ஓகஸ்ட் மாதக் கடிதத்தை மதர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழ்ப்படிவேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். உன் பதில் வந்த நாள், அதை மதர் என்னிடம் தந்துவிட்டுப் போனா. பதில் எழுத எனக்கு முகம் இருக்கவில்லை. அதுதான் இவ்வளவு நாள்.

இந்த மாதம் மண்டபத் திறப்புக்கு கிறிஸ்தோப்பர் வந்தார். முதல் நாள் என்னைப் பார்க்க வேண்டும் என்றார். சந்திப்பு அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் மதரும்.

“சிஸ்ரர், உங்கட தங்கச்சி நல்ல பிள்ளை. ஆரோ குழப்பிப்போட்டினம். நீங்கள் ஒருக்கா வடிவா எழுதினால் கேப்பா.”

“அவவின்ர விரல் எங்க போனது?” என்று கேட்டேன்.

“அது... வீட்டுக் கதவில.”

“மீன் வெட்டிற மெசினை வீட்டிலயோ வைச்சிருக்கிறியள்?”

அவர் மதரைப் பார்த்தார். மதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

“சிஸ்ரர், நான் இந்த மடத்துக்கு எவ்வளவு செய்திருக்கிறன்!”

“அதுக்கு ஒவ்வொரு நாளும் உங்களுக்காக மன்றாடுறன். இனியும் மன்றாடுவன். ஆனா என்ர தங்கச்சிக்கு அப்பிடி இன்னொரு கடிதம் எழுதமாட்டன். நீங்கள் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ.”

எழுந்து வந்துவிட்டேன். மதர் கூப்பிட்டா. நான் திரும்பவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தரம்.

அடுத்த நாள் திறப்பு விழா. திரைக்குப் பின்னால் நின்று நாங்கள் நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். எனக்குப் பாடேலாது என்று விடியவே மதரிடம் சொன்னேன். “பாடத்தான் வேணும்” என்றா. நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நான்தான் முதல் குரல் என்பது உனக்குத் தெரியும். நான் எடுக்காததால் பாட்டு தடுமாறியது. இரண்டாம் வரியில் ஆர்மோனியம் வாசித்த கனிஸ்ரா சிஸ்ரர் கையை எடுத்துவிட்டா. எழுபத்தாறு வயது அவவுக்கு. பிறகு இன்னும் மூன்று பேர். மிச்சப் பேர் பாடி முடித்தார்கள். வெளியே இருந்த சனத்துக்கு என்ன விளங்கியதோ தெரியாது. அவருக்கு விளங்கியது.

என்னைத் தெற்கே, சிங்களம் கதைக்கிற ஒரு மடத்துக்கு மாற்றுகிறார்கள். தீவுக்குப் போன அந்த இரண்டு துறவிகளையும் நினைத்துக்கொண்டேன். அவர்களுக்காவது தங்கள் பாஷை தெரிந்த இடம். பரவாயில்லை, படிக்கிறேன். நீ பிரெஞ்சு படிக்கவில்லையா?

இந்தக் கடிதத்தை மதர் வாசிக்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுக்க, என் முன்னாலேயே உறையை ஒட்டி, முத்திரையும் குத்தித் தந்தா. “விரல் நோகுதோ எண்டு கேட்டு எழுதினீரோ?” என்றா. கேட்க மறந்துவிட்டேன் என்றேன். ஆகவே கேட்கிறேன்: நோகிறதா?

முறைப்பாட்டை மீளப் பெறாதே.

உன் அக்கா


நோத்ர-டாம்-த-கிரேஸ்
15 டிசெம்பர் 2024

என் அக்காவுக்கு,

புது மடத்து விலாசத்துக்கு எழுதும் முதல் கடிதம் இது. அங்கே சாப்பாடு எப்படி? படுக்கும் இடம் ஈரமில்லையே? குளிர் நாளில் விரல் நோகிறது என்று மதருக்குத் தெரியப்படுத்துங்கள். மற்ற நாட்களில் இல்லை.

புது அனுமதி வந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார்தெரியில், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகள் என் பிரெஞ்சைத் திருத்துகிறார்கள். இரக்கமில்லாத வாத்திமார்.

போன செவ்வாய்க்கிழமை சமரசக் கூட்டம். ஒரு மேசை, மத்தியஸ்தம் செய்யும் அம்மா, கிறிஸ்தோப்பர், அவருடைய சட்டத்தரணி, நான். வசுமதி மிஸ்ஸை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்தோப்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. சட்டத்தரணி மூன்று பக்கக் கடதாசியைத் தள்ளினார். எனக்கு வேண்டியதெல்லாம் தருவார்களாம், பிழை ஒன்றும் நடக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சரியாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் பக்கத்தில் இருந்து வாசித்தேன். அவர் பேனையால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் தரமும் வாசித்தேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பந்தி. நடந்ததைப் பற்றி யாரிடமும் எப்போதும் கதைக்கக் கூடாது.

“என் அக்காவிடமும் கூடாதா?” என்று பிரெஞ்சில் கேட்டேன்.

“யாரிடமும், மடாம்.”

“மற்றப் பத்துப் பேரிடமும்?”

“குறிப்பாக அவர்களிடம்.”

கடதாசியைத் திருப்பித் தள்ளினேன். மத்தியஸ்தம் செய்யும் அம்மா, நன்றாக யோசிக்கும்படி சொன்னா, விசாரணை என்றால் நீளும், கஷ்டமான கேள்விகள் வரும் என்றா. சட்டத்தரணி, “சாட்சிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். எல்லாரும் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். நீங்கள் தனி ஆள்” என்றார்.

“தனி ஆளாகவே சொல்கிறேன்” என்றேன்.

அப்போது கிறிஸ்தோப்பர் முதல் தரம் என்னைப் பார்த்துத் தமிழில், “பிள்ளை, உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்” என்றார். குரல் தளர்ந்திருந்தது. ஒரு கணம் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, அக்கா. ஆனால் நான் எழுந்துவிட்டேன்.

கதவைத் திறந்தால் வெளியே வாங்கில் வசுமதி மிஸ் மட்டும் இல்லை. பக்கத்தில் டனிஸ்ரன் அண்ணை, வேலை உடுப்போடு, மீன் மணத்தோடு. பாதி வேலையில் இறங்கி பஸ் எடுத்து வந்திருக்கிறார். அவரோடு அந்தக் கால் நடுங்கின பிள்ளையும். இன்னும் நாலு பேர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட கடதாசி அவருடைய சட்டைப் பையில். பின்னால் வந்த சட்டத்தரணி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்தோப்பர் படியால் இறங்கிப் போய்விட்டார்.

“சாட்சிக்குப் பேர் குடுக்கிறது எந்த அறையில, தங்கச்சி?” என்று டனிஸ்ரன் அண்ணை கேட்டார். “கெதியாச் சொல்லு, எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது.”

கூட்டிக்கொண்டு போனேன்.

விசாரணை மார்ச் பன்னிரண்டாம் திகதி, யாரும் வந்து கேட்கலாம். சுகமாக இருங்கள், அக்கா.

தங்கை
சஜிதா